தட்டைப் பாறையில் யாரும் இல்லை

மார்ச் 2

தங்கைக்கு,

கூப்பிட்டால் எடுக்காதவள் இப்போது கடிதம் எழுதுகிறாளே என்று நினைப்பாய். போனில் நான் ஒன்று சொல்வதற்குள் நீ மூன்று சொல்வாய். கடைசியில் இரண்டு பேரில் ஒருத்தி அழுவாள், பெரும்பாலும் நான். தாளுக்குக் குறுக்கே பேசத் தெரியாது. அதனால் இது.

கால் அப்படியேதான் இருக்கிறது. கணுக்காலில் ஒரு தகடு, ஐந்து திருகாணி. மருந்துக் கடையில் பதினெட்டு வருடம் நின்றே வேலை பார்த்த கால், இப்போது இரண்டு தலையணை மேல் மகாராணி போலப் படுத்திருக்கிறது. உன் அத்தான் சமைக்கிறார். அதைப் பற்றி மேலும் எழுத மாட்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். வன அலுவலகத்திலிருந்து நேற்று ஓர் உறை வந்தது. விசாரணைக்காக நீ எழுதிக் கொடுத்த வாக்குமூலத்தின் நகல். நானும் ஒன்று எழுதித் தர வேண்டுமாம். உன்னுடையதை இரண்டு தடவை படித்தேன். இரண்டாம் பக்கத்தில் ஒரு வரி: "அக்காவின் வற்புறுத்தலால் பாதையை விட்டு விலகி ஓடை வழியாகத் தொடர்ந்தோம்."

வற்புறுத்தலா? வரைபடத்தை மேசையில் விரித்து, "பாதைல போறவங்க எல்லாரும் போவாங்க, நாம இப்படிப் போலாம்க்கா" என்று விரலால் கோடு இழுத்தது யார்? நானா?

இன்னொன்று. மதியம் இரண்டு மணிக்கு என்னை ஒடிந்த காலோடு பாறையில் விட்டுவிட்டுப் போனாய். மறுநாள் மாலை ஐந்துக்கு என்னை எடுத்தார்கள். இருபத்தேழு மணி நேரம். உன் வாக்குமூலத்தில் அது அரைப் பக்கம்கூட இல்லை. "உதவி தேடிச் சென்றேன், தாமதமாயிற்று." காய்கறி வாங்கப் போனவள் எழுதுகிற மாதிரி எழுதியிருக்கிறாய்.

எங்கே போனாய்? அதை எழுது.

அக்கா


மார்ச் 9

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. நடந்ததை நேரப்படி எழுதுகிறேன். உனக்குத் தெரிந்ததும் இதில் வரும். தவறு இருந்தால் திருத்து.

பாதை முகட்டைச் சுற்றிக்கொண்டு பதினொரு கிலோமீட்டர் போகிறது. அதே இரண்டு முனைகளை ஓடை நாலரை கிலோமீட்டரில் சேர்க்கிறது. இதை உனக்குக் காட்டியது நான்தான். ஒப்புக்கொள்கிறேன். அந்தப் பகுதியின் வரைபடத் தாளைப் போன வருடம் அலுவலகத்தில் திருத்தி வரைந்ததும் நான்தான். சமவுயரக் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, ஒரே கறுப்புப் பட்டையாகத் தெரிந்த இடங்கள் அதில் மூன்று இருந்தன. அங்கே செங்குத்தான இறக்கம் இருக்கும் என்று அலுவலக நாற்காலிக்குத் தெரியும். காலுக்குத் தெரியாது.

ஞாயிறு காலை எட்டுக்கு ஓடைக்குள் இறங்கினோம். முதல் இரண்டு மணி நேரம் நன்றாக இருந்தது. நீ சிரித்தாய். அறை அளவுப் பாறைகளுக்கு இடையே பக்கவாட்டில் நுழைந்து வரும்போது, "கடைல ஸ்டாக் ரூம் இதைவிட மோசம்" என்றாய். நாம் இரண்டு பேரும் சண்டையில்லாமல் பேசிக்கொண்டிருந்தது எத்தனை வருடத்துக்குப் பிறகு என்று எனக்கு எண்ணத் தோன்றியது. எண்ணவில்லை.

பத்து இருபதுக்கு முதல் அருவி. ஒரு மாடி உயரம். பாசி. கீழே சாய்ந்து கிடந்த மரம் ஒன்றைப் பிடித்துத்தான் இறங்க முடியும், இறங்கினால் திரும்ப ஏற முடியாது. நான், "திரும்பிடலாம்க்கா" என்றேன். நீ, "வந்தாச்சு. முன்வெச்ச காலைப் பின்வைக்கறதா?" என்று சொல்லிவிட்டு, நான் பதில் சொல்வதற்குள் மரத்தில் உட்கார்ந்து சறுக்கிவிட்டாய். அந்த இடத்தைத்தான் "வற்புறுத்தல்" என்று எழுதினேன். வேறு சொல் கிடைக்கவில்லை.

அதற்குக் கீழே இரண்டு பக்கமும் சுவர். மார்பளவுத் தண்ணீரில் பையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தோம். ஒரு மணி பத்துக்கு நீ மிதித்த கல் சாய்ந்தது. கால் இடுக்கில் போனது, கல் திரும்பி உட்கார்ந்தது. அந்தச் சத்தத்தைப் பற்றி நான் யாரிடமும் பேசியதில்லை.

உன்னைத் தட்டைப் பாறைக்கு இழுத்து வந்து, குச்சி வைத்துக் கட்டிவிட்டு, இரண்டு மணிக்குக் கிளம்பினேன். "என்ன ஆனாலும் இங்கேயே இரு, நகராதே" என்றேன். நீ தலையாட்டினாய்.

இரண்டாவது அருவியைத் தாண்டினால் ஓடை குறுகி, சுவரோடு சுவராக நிற்கும் மடு. நீந்த வேண்டும். நான் நீந்தவில்லை. பயந்தேன். சுற்றிப் போகலாம் என்று வலது சரிவில் ஏறி, மறுபக்கம் இறங்கினேன். அது வேறோர் ஓடை. தண்ணீர் எதிர்த் திசையில் ஓடுவது உறைக்க இரண்டு மணி நேரம் ஆயிற்று. வரைபடம் வரைகிறவள். அதற்குள் இருட்டிவிட்டது.

காலை ஆறரைக்குச் சாலைக்கு வந்தேன். ஒரு சின்னப் பாலம். வண்டி வரும் வரை உட்காரலாம் என்று கைப்பிடிச் சுவரில் சாய்ந்தேன். கண் விழித்தபோது எட்டு. அந்த ஒன்றரை மணி நேரத்தில் வண்டிகள் போயிருக்கும். இதை வாக்குமூலத்தில் எழுதவில்லை. உனக்கு எழுதுகிறேன்.

அடுத்து வந்த வண்டியில் வன அலுவலகம் போய்ச் சொல்லி, ஒன்பதுக்கு மீட்புக் குழுவோடு கிளம்பினேன். "நீங்க இங்கயே இருங்க" என்றார்கள். இடம் எனக்குத்தான் தெரியும் என்று கூடவே போனேன். முகட்டுப் பாதையிலிருந்து கயிறு கட்டி இறங்கி, பத்தரைக்குத் தட்டைப் பாறைக்கு வந்தோம்.

பாறையில் யாரும் இல்லை.

நான் கேட்க வேண்டியது இது ஒன்றுதான். ஏன் நீ அங்கே இல்லை?

தங்கை


மார்ச் 15

தங்கைக்கு,

தூங்கினாயா! நான் ஒரு வில்லை மாத்திரையைப் பாதி பாதியாக உடைத்து, அடுத்த பாதி எத்தனை மணிக்கு என்று சூரியனைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். நீ பாலத்தில் சாய்ந்து தூங்கினாய்.

அசதி யாருக்கும் வரும். அது எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் உன்னிடம் எப்போதும் ஒரு பாலம் இருக்கும், சாய்ந்துகொள்ள. அப்பா படுத்த நான்கு மாதமும், "அடுத்த வாரம் வர்றேன்க்கா" என்று போன் பண்ணினாய். அலுவலகத்தில் கணக்கெடுப்பு, வண்டி கிடைக்கவில்லை, காய்ச்சல். ஒவ்வொன்றும் உண்மைதான், நான் விசாரித்தேன். உண்மையான காரணங்களாகவே சேர்த்து வைத்துக்கொண்டு, எல்லாம் முடிந்த மறுநாள் வந்தாய்.

நீ கேட்டதற்குப் பதில்: தண்ணீர் ஏறியது. நகர்ந்தேன். ஓடைக்குள் படுத்திருப்பவளிடம் தண்ணீர் ஏறினால் என்ன செய்வாய் என்று கேட்பார்களா? இதையேதான் வாக்குமூலத்திலும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அத்தான் நேற்றுத் தபாலில் சேர்த்துவிட்டார்.

நேற்று ஊன்றுகோலோடு கூடம் வரை நடந்தேன். திரும்பி வருவதற்குள் வியர்த்துக் கொட்டிவிட்டது.

அக்கா


மார்ச் 21

அன்புள்ள அக்காவுக்கு,

அப்பா விஷயத்தில் நீ எழுதியது சரி. அதற்குப் பதில் என்னிடம் இல்லை. இருந்திருந்தால் ஆறு வருடத்தில் ஒரு நாளாவது சொல்லியிருப்பேன்.

ஆனால் அக்கா, தண்ணீர் ஏறவில்லை.

ஓடை ஆற்றில் சேரும் இடத்தில் நீர்மட்டக் கோல் ஒன்று நட்டிருக்கிறது. காவலாள் காலையும் மாலையும் பார்த்துப் பதிவேட்டில் எழுதுகிறார். அது மாதா மாதம் எங்கள் அலுவலகத்துக்கு வரும். ஞாயிறு மாலையைவிடத் திங்கள் காலை இரண்டு விரல் இறங்கியிருக்கிறது. அந்த வாரம் முழுக்க மழை இல்லை. உன்னைப் பிடிக்க வேண்டும் என்று நான் இதைத் தேடவில்லை. பதிவேடு என் மேசைக்குத்தான் வரும். வந்தது, பார்த்தேன்.

இன்னொரு செய்தி. கயிற்றுக்காரரைப் போய்ப் பார்த்தேன். உனக்கு அவரைத் தெரியாது. நீ கிடைப்பதற்குள் அவரைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். நாங்கள் இறங்கிய கயிற்றைக் கட்டியவர் அவர்தான், அதனால் அந்தப் பெயரை நான் வைத்துக்கொண்டேன். நாற்பது வயதிருக்கும். மருத்துவமனையில் சன்னலோரக் கட்டில். காறை எலும்பு முறிந்து, தோள் மூட்டும் நழுவியிருக்கிறது. வலது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியுமா என்று மருத்துவர் இன்னும் சொல்லவில்லை.

நடந்ததை அவர் வாயாலேயே கேட்டேன். பாறை காலியாக இருந்ததும் தண்ணீர் உன்னைக் கொண்டுபோய்விட்டது என்று நினைத்து எல்லோரும் கீழே ஓடினோம். இரண்டாவது அருவிக்கு மேல் நின்று எட்டிப் பார்த்தபோது மடுவில் சிவப்பாக ஏதோ மிதந்தது. "ஆளுன்னு நெனச்சேன். இன்னொரு கயிறு வர்ற வரைக்கும் நிக்கணும், அதுதான் விதி. நிக்க முடியல" என்றார். ஒற்றைக் கயிற்றில் இறங்கினார். கால் வைத்த கல் பெயர்ந்தது. மிதந்தது உன் பை.

ஏப்ரல் 4 விசாரணை நம்மைப் பற்றி இல்லை. அவரைப் பற்றி. விதியை மீறி இறங்கியதற்காக அவரை வேலையிலிருந்து எடுத்துவிடலாம் என்று பேச்சு. தண்ணீர் ஏறியது என்று நீ எழுதிக் கொடுத்தது அப்படியே நின்றால், வெள்ளம் வருகிற ஓடையில் ஒற்றைக் கயிற்றில் இறங்கிய முட்டாள் என்று அவர் பெயரில் பதிவாகும். யோசி.

எனக்கு அன்றைக்கு விடுப்பு கிடைக்காது என்று சொல்லிவிட்டார்கள். எழுதுவதற்குக் கூச்சமாக இருக்கிறது. இதுவும் உண்மையான காரணம்தான். பாலத்தில் தூங்கியதைச் சேர்த்து, திருத்திய வாக்குமூலம் அனுப்பிவிட்டேன்.

தங்கை


மார்ச் 27

தங்கைக்கு,

ஆறு நாள் உன் கடிதத்தைத் தலையணைக்கு அடியில் வைத்திருந்தேன். அத்தான் ஒருமுறை, "என்னவாம்?" என்றார். "ஒண்ணுமில்ல" என்றேன். மனிதர் நம்பவில்லை, ஆனால் மேலே கேட்கவும் இல்லை.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தேன். தண்ணீரை அளந்து வைத்திருப்பார்கள் என்று தெரியாது.

இரவைப் பற்றி எழுதப்போவதில்லை. விடிந்தது. வெயில் எதிர்ச் சுவரின் உச்சியில் விழுந்து, மெதுவாகக் கீழே இறங்கியது. அது பாதிச் சுவர் வரை வந்தால் நீ வந்துவிடுவாய் என்று வைத்துக்கொண்டேன். பாதி வந்தது. முக்கால் வந்தது. அப்போது எனக்குள் ஒன்று மிகத் தெளிவாகத் தெரிந்தது, மருந்துச் சீட்டைப் படிக்கிற மாதிரி: இவள் வரமாட்டாள். அப்பாவுக்கு வராதவள் எனக்கு வருவாளா?

பயத்தில் நகரவில்லை. அதைத்தான் உனக்குச் சொல்ல வேண்டும். கோபத்தில் நகர்ந்தேன். உன்னை நம்பி ஒரு பாறையில் கிடப்பதைவிட, செத்தாலும் நானே ஏறிச் சாகலாம் என்று தோன்றியது. பாறைக்குப் பின்னால் ஒரு வறண்ட வாய்க்கால் மேலே போயிற்று. முழங்கையாலும் ஒரு முழங்காலாலும் ஏறினேன். பையை இழுத்துக்கொண்டுதான் கிளம்பினேன். முதல் கல்லைத் தாண்டும்போதே அது நழுவித் தண்ணீரில் விழுந்தது. தண்ணீர்க் குப்பி மட்டும் தோளில் இருந்தது. இரண்டு மணி நேரம் ஏறினேன். எவ்வளவு தூரம் தெரியுமா? பிறகு மீட்புக்காரர் ஒருவர் சொன்னார். நாற்பது மீட்டர்.

இதோடு நிறுத்திவிடலாம். நீயும் மன்னித்துவிடுவாய். ஆனால் இன்னும் இருக்கிறது.

பத்தரைக்கு உங்கள் விசில் கேட்டது. பிறகு உன் குரல். "அக்கா". எனக்குக் கீழே, புதர்களுக்கு அந்தப் பக்கம், தெருமுனையிலிருந்து கூப்பிடுகிற தூரம். இரண்டாவது தடவை கூப்பிட்டபோது குரல் உடைந்தது.

நான் பதில் சொல்லவில்லை.

வாய் வறண்டிருந்தது என்று எழுதலாம், மயக்கம் என்று எழுதலாம். இரண்டும் இல்லை. தேடட்டும், இவளும் கொஞ்சம் தேடட்டும் என்று நினைத்தேன். ஐந்து நிமிடம். இருபது மணி நேரத்துக்கு ஐந்து நிமிடம் என்ன பெரிசு என்று கணக்குப் போட்டேன். ஐந்து நிமிடம் முடிந்ததும் கத்தினேன். அதற்குள் நீங்கள் அருவிப் பக்கம் போயிருந்தீர்கள். அருவிச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. குப்பியைக் கல்லில் தட்டிக்கொண்டே இருந்தேன். நாலரைக்கு யாரோ கேட்டார்கள்.

அந்த நடுநேரத்தில் ஒரு மனிதன் விழுந்திருக்கிறான் என்று மருத்துவமனையில் சொன்னார்கள். ஏன் விழுந்தான் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் தெரிந்துவிடும்.

இது அத்தானுக்குத் தெரியாது.

அக்கா


மார்ச் 31

அக்காவுக்கு,

கிடைத்தது.

இதை 4ஆம் தேதி அவர் முன்னால் சொல். மற்றது பிறகு எழுதுகிறேன். இப்போது எழுதினால் சரியாக வராது.

தங்கை


ஏப்ரல் 6

தங்கைக்கு,

போனேன். அத்தான் வண்டியில் கூட்டிப்போனார். போகும் வழியிலேயே அவரிடம் சொல்லிவிட்டேன். ஒரு பெட்ரோல் பங்க் ஓரமாக வண்டியை நிறுத்திவிட்டு, முன்கண்ணாடியைத் துணியால் துடைத்தார். அது சுத்தமாகத்தான் இருந்தது. பிறகு ஏறி உட்கார்ந்து, "நேரமாச்சு, போலாம்" என்றார். அவ்வளவுதான்.

நீளமான மேசை, மூன்று அதிகாரிகள், ஒரு மின்விசிறி. கயிற்றுக்காரர் கையைத் தூளியில் கட்டிக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தார். நான் நினைத்திருந்ததைவிடக் குள்ளம். என் பழைய வாக்குமூலத்தைப் படித்துக் காட்டி, "இதுதானேம்மா?" என்றார் நடுவில் இருந்தவர்.

"இல்லைங்க. அது பொய்."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். நான் உனக்கு எழுதியதை எல்லாம் சொன்னேன். ஐந்து நிமிடத்தையும் சொன்னேன். எழுதுகிறவர் ஓரிடத்தில் பேனாவை நிறுத்திவிட்டு, "இதையும் எழுதணுமா சார்?" என்று கேட்டார். "எழுதுங்க" என்றேன் நான். அவர் என்னைக் கேட்கவில்லை என்பது பிறகுதான் புரிந்தது.

கயிற்றுக்காரரிடம், "நீங்க ஏதாவது சொல்லணுமா?" என்றார்கள்.

"ரெண்டாவது கயிறு இல்லாம எறங்குனது என் தப்புங்க. அது அவங்க தப்பு இல்ல" என்றார். "ஆனா மடுவுல ஒருத்தர் கெடக்காங்கன்னுதான் எறங்குனேன். அதை மட்டும் எழுதிக்குங்க."

முடிவு இதுதான். வேலை போகவில்லை. கண்டிப்புக் கடிதம் ஒன்று கொடுப்பார்கள், அதில் காரணத்தையும் எழுதுவார்கள். ஆனால் தோள் பழைய நிலைக்கு வராது என்று மருத்துவர் எழுதிக் கொடுத்துவிட்டாராம். இனி கயிறு இல்லை. நுழைவாயிலில் உட்கார்ந்து போகிறவர் வருகிறவர் பெயரை எழுதுகிற வேலை. உனக்கும் எனக்கும் மூன்று வருடம் அந்தக் காட்டுக்குள் போகத் தடை. நான் போகப்போகிற மாதிரி!

வெளியே தாழ்வாரத்தில் அவர் சட்டைக்கு மேல் கோட்டு போட முயன்றுகொண்டிருந்தார். ஒரு கை உள்ளே போகவில்லை. நான் ஒரு ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, கோட்டின் தோள்பக்கத்தைப் பிடித்தேன். அவர் மறுக்கவில்லை.

"அஞ்சு நிமிஷமா?" என்றார்.

"ஆமா. கொஞ்சம் கூடவும் இருக்கும்."

கோட்டுக்குள் கை போய்விட்டது. பொத்தானை அவரே போட்டுக்கொண்டார்.

"கோபம் இல்லேன்னு சொன்னா அது பொய்ம்மா. இருக்கு. கொஞ்ச நாளைக்கு இருக்கும்" என்றார். பிறகு, "கால்ல தகடு வெச்சிருக்காங்களா? குளிர்காலத்துல இழுக்கும். பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கிப் போனார்.

திட்டியிருந்தால் வீட்டுக்கு வந்து தூங்கியிருப்பேன்.

நீ "மற்றது பிறகு" என்று எழுதியிருந்தாய். காத்திருக்கிறேன். எவ்வளவு மோசமாக இருந்தாலும் எழுது.

அக்கா


ஏப்ரல் 12

அன்புள்ள அக்காவுக்கு,

மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். முதலாவதில் உன்னைத் திட்டியிருந்தேன். இரண்டாவதில் மன்னித்திருந்தேன். இரண்டுமே நன்றாக எழுதப்பட்டிருந்தன, அதனால்தான் கிழித்தேன்.

பத்தரைக்கு அந்தப் பாறையைப் பார்த்தபோது எனக்கு என்ன நடந்தது என்று எழுதுகிறேன். இது எந்த வாக்குமூலத்திலும் இல்லை.

கயிற்றுக்காரர் முதலில் இறங்கினார், அடுத்து நான். பாறையைத் திரும்பிப் பார்த்தேன். காலி. உன்னைக் கட்ட நான் கிழித்த துணியின் மிச்சம் மட்டும் கிடந்தது. அழுகை வரும் என்று நினைப்பாய். வந்தது, ஆனால் இரண்டாவதாக வந்தது. முதலில் வந்தது வேறு. அப்பாடா. இனி யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. ஏன் தாமதம், எங்கே போனாய், ஏன் வரவில்லை என்று கேட்க இனி ஆள் இல்லை. ஒரு மூச்சு விடுகிற நேரம்தான். ஆனால் தோள் தளர்ந்தது எனக்குத் தெரிந்தது. அதற்குப் பிறகுதான் "அக்கா" என்று கூப்பிட்டேன். இரண்டாவது தடவை குரல் உடைந்தது என்று எழுதியிருந்தாயே. அது உன்னை நினைத்து மட்டும் உடையவில்லை.

நீ பதில் சொல்லியிருந்தால் அவர் தோள் பிழைத்திருக்கும். நான் தூங்காமல் இருந்திருந்தால் நீ நகர்ந்திருக்கவே மாட்டாய். முதல் அருவியில் திரும்பியிருந்தால் இந்தக் கடிதங்களே இல்லை. எந்த முனையிலிருந்து அளந்தாலும் வேறு வேறு கணக்கு வருகிறது. அளப்பதை நிறுத்திவிட்டேன்.

சனிக்கிழமை கயிற்றுக்காரரைப் பார்க்க நுழைவாயிலுக்குப் போனேன். புது நாற்காலி, புது நோட்டு. இடது கையால் எழுதிப் பழகுகிறார். எழுத்து கோணல்மாணலாக இருக்கிறது. "உங்க அக்கா வந்து உண்மையைச் சொன்னாங்க" என்றார். "தெரியும்" என்றேன். "நீங்க ஏன் வரல?" என்றார். விடுப்பு கிடைக்கவில்லை என்று சொல்ல வாய் எடுத்தேன். சொல்லவில்லை. "வந்திருக்கணும்" என்றேன். அவர் தலையாட்டிவிட்டு அடுத்து நின்றவரின் பெயரைக் கேட்டார்.

விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன். தருவார்களா என்று தெரியாது, தராவிட்டாலும் கிளம்புகிறேன். வெள்ளிக்கிழமை மதியம் உன் வீட்டு வாசலில் இருப்பேன்.

வருவேன் என்று நீ நம்ப வேண்டியதில்லை. நான் வந்து தட்டும்போது கதவைத் திற, போதும்.

தங்கை